நாலு மூலையிலும் வால் வைத்த குறி

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது.

காதர்பேட்டையில் எனக்கு லேபிள் கடை. பனியன் போட்டால் கழுத்துக்குப் பின்னால் உறுத்துமே ஒரு துணித்துண்டு, அதுதான் என் பிழைப்பு. நம் ஊரில் தைக்கிற துணிக்கெல்லாம் முகம் தெரியாதவர்களின் பெயரை நெய்து கொடுப்பேன். ஆள் வராத நேரத்தில் கதை எழுதுவேன். சிறுபத்திரிகைகளில் சில வந்திருக்கின்றன. படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் விஜயராணி ஒருத்தி.

விஜயராணி பல்லடம் ரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைனர். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண். போன வெள்ளிக்கிழமை மதியம் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்கள்லா. எனக்கு ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதித் தாங்க."

"என்ன தப்புப் பண்ணுன கண்ணு?"

"ஒண்ணும் பண்ணலக்கா. அதான் எழுத வர மாட்டேங்கு."

எழுத உட்கார்ந்தேன்.

மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிறுவனத்தில் டிசைனராகப் பணிபுரியும் நான், ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் அனுப்பிய படத்தை அனுமதியின்றி

இத்தோடு பேனா நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை அடிக்காமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். அதை முடிக்க என்னால் ஆகாது. முடித்தால் என் கை அழுகிப் போகும். கடிதம் எழுத எடுத்த தாளில் இந்தக் கதை வந்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: பனியன் கம்பெனிச் சங்கு ஊதியபோது இன்னும் விடிந்திருக்கவில்லை.

அடித்துவிட்டேன். திருப்பூர்க் கதை என்றால் சங்கு ஊத வேண்டும், சாயத்தண்ணீர் ஓட வேண்டும், யாராவது இரும வேண்டும். ஒரு பத்திரிகை ஆசிரியர் என் கதையைத் திருப்பி அனுப்பும்போது, "இதில் உங்கள் ஊர் மண்வாசனை போதவில்லை" என்று எழுதியிருந்தார். சாயப்பட்டறை வாசனையைத்தான் கேட்கிறார். ஏசி போட்ட சின்ன அறையில் ஒரு பெண் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து படம் போடுகிறாளே, அதுவும் திருப்பூர்தான் ஐயா.

தொடக்கம் இரண்டு: போன வருஷம், 2008-இல், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், விஜயராணி ஹாலந்து நாட்டுப் பையன் ஒருவனுக்குப் பாலைவனம் வரைந்து கொடுத்தாள்.

நம்புகிற மாதிரி இல்லை. ஆனால் நடந்தது இதுதான், அதனால் இதுவே இருக்கட்டும்.

3

முதலில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு விளையாடுவான். அதை இன்டர்நெட்டில் நேரலையாக விடுவான். ஊர் உலகமெல்லாம் உட்கார்ந்து பார்க்கும், பார்த்துக்கொண்டே திட்டும். விஜயராணி இதை முதலில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"அடுத்தவன் விளையாடறத எதுக்கு கண்ணு பாக்கோணும்?"

"நீங்க டிவியில கிரிக்கெட் பாக்கீங்கள்லா அக்கா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தச் சானலில் அவன் வைத்துக்கொண்ட பெயர் டஸ்ட்டி. படம் போடுகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு இணையப் பக்கத்தில் அவன் கேட்டிருந்தான்: என் சானலுக்குப் பாலைவனம் மாதிரி ஒரு தோற்றம் வேண்டும், திரையைச் சுற்றி ஒரு சட்டம், தொடங்கும்போது காட்ட ஒரு படம், சாப்பிட எழுந்து போகும்போது 'இதோ வருகிறேன்' என்று காட்ட ஒரு படம். வரைகிறவர் பெயரைச் சானலுக்குக் கீழே எப்போதும் போடுவேன்.

பெயர் போடுவேன் என்றதில்தான் இவள் விழுந்தாள். யூனிட்டில் அவள் போட்ட பூவும் பூனையும் மண்டையோடும் எத்தனையோ நாட்டுக் குழந்தைகளின் நெஞ்சில் இருக்கின்றன. ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. கேட்கவும் முடியாது, அது வேலை. இது அவளாக, அவளுக்காகப் போட்டது.

பாலைவனத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. அவள் கண்டது அவர்கள் ஊர்த் தேரிக்காடு. செக்கச் செவேலென்ற மணல் மேடு, இந்தப் பக்கம் ரெண்டு பனை, அந்தப் பக்கம் முள்ளாய் ஒரு உடைமரம். அதை வரைந்தாள். 'இதோ வருகிறேன்' படத்துக்கு நுங்கு வண்டி போட்டாள், நுங்கு தின்ற வெறுங்காயைக் குச்சியில் கோத்துப் பிள்ளைகள் உருட்டுமே, அது. டஸ்ட்டியின் ரசிகர்கள் அதை வெடிகுண்டு வண்டி என்று நினைத்துக்கொண்டார்கள். போகட்டும்.

சட்டம் என்றால் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது. நடுவில்தான் விளையாட்டு தெரியும். ஓரம் மட்டும்தான் இவளுடையது. நாலு ஓரமும் வரைந்து முடித்து, கை தன்பாட்டுக்கு நாலு மூலையிலும் ரெஜிஸ்டர் மார்க் போட்டுவிட்டது.

(இங்கே ஒரு அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் நடுவிலேயே போடுகிறேன். பனியனில் அச்சடிக்கும் படத்துக்கு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன், அதாவது மசி இறங்கும் வலைத்தட்டு. எல்லா ஸ்க்ரீனிலும் மூலைகளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சிலுவைக் கோடும் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் படம் படமாக வரும், இல்லாவிட்டால் கண் ஒரு பக்கம் மூக்கு ஒரு பக்கம். செட்டிங் முடிந்ததும் மார்க்கை டேப் ஒட்டி அடைத்துவிடுவார்கள். பனியன் போடுகிறவன் அதைப் பார்க்கவே மாட்டான். இது எல்லா யூனிட்டிலும் உள்ளது. விஜயராணி வேலை செய்யும் யூனிட்டில் மட்டும் ஒரு வழக்கம் கூடுதலாக உண்டு. சிலுவையின் கீழ்க்கோடு வட்டத்துக்கு வெளியே நீண்டு தொங்கும். அதை வால் என்பார்கள். வெட்டிய துணியைத் தலைகீழாகப் போட்டு அச்சடித்துவிடாமல் இருக்க அந்த வால். வால் இருக்கும் பக்கம் பனியனின் அடிப்பக்கம். வேறு எந்த யூனிட்டிலும் இந்த வால் கிடையாது. விசாரித்துவிட்டேன்.)

அனுப்பிய பிறகுதான் விஜயராணி மார்க்கைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு திருத்தி அனுப்பப் போனாள். அதற்குள் அவன் பதில் வந்துவிட்டது: நாலு மூலையிலும் துப்பாக்கிக் குறி வைத்திருக்கிறாயே, பிரமாதம், தொடாதே!

அவள் தொடவில்லை. சானலுக்குக் கீழே 'கிராபிக்ஸ்: ராணி, இந்தியா' என்று வந்தது. கம்ப்யூட்டரில் அதைக் காட்ட என்னைக் கூட்டிப்போனாள். அவ்வளவு சின்ன எழுத்து, என் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சானல் பெரிதானதும் ஒருநாள் அந்த வரி காணாமல் போனது. தேரிக்காடு மட்டும் இருந்தது.

4

சானல் இருந்தால் ரசிகர் இருப்பார்கள், ரசிகர் இருந்தால் டி-ஷர்ட் போடுவார்கள். டி-ஷர்ட் என்றால் எங்கே வரும்? இங்கேதான் வரும். நான் கதைக்காக முடிச்சுப் போட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். போட்டிருந்தால் இதைவிடக் கொஞ்சம் நாசூக்காகப் போட்டிருப்பேன்.

யூனிட்டின் மெர்ச்சண்டைசர் பிரபாகர், பையரோடு மெயிலில் பேசுகிறவர், ஒரு படத்தைக் கொண்டுவந்து விஜயராணியிடம் நிறம் பிரிக்கக் கொடுத்தார். கறுப்பு டி-ஷர்ட்டில் செம்மணல், ரெண்டு பனை, உடைமரம், நாலு மூலையிலும் வட்டம்.

"சார், இது நான் போட்டதுல்லா!"

"ராணி, பையரு ஹாலந்துங்க. நீங்க சாத்தான்குளம்."

"சத்தியமா சார். பாருங்க." தன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் காட்டினாள். போன வருஷத்துத் தேதி போட்ட பைல், அதே மணல், அதே பனை.

இந்த இடத்தில் பிரபாகரை வில்லனாக்கப் பார்த்தேன். மூன்று தரம் எழுதினேன். மீசை வைத்துப் பார்த்தேன், பல்லைக் கடிக்க வைத்துப் பார்த்தேன். மனுஷன் வில்லனாக மாட்டேன் என்கிறார். அவர் பயந்துவிட்டார், அவ்வளவுதான். பையர் அனுப்பிய படம், அனுப்புவதற்கு முன்பே நம் கம்ப்யூட்டரில் எப்படி வந்தது? அந்தப் பயத்தில் பையருக்கே ஒரு மெயில் தட்டிவிட்டார்: எங்கள் டிசைனரிடம் இதன் பழைய காப்பி ஒன்று இருக்கிறது, விளக்கவும்.

அதற்குள் முதல் மாதிரி அச்சு போயிருந்தது. பிரிண்டிங் ஆட்கள் வழக்கம்போல மார்க்கை டேப் போட்டு அடைத்துவிட்டே அடித்திருந்தார்கள். மாதிரி திரும்பி வந்தது, கூடவே ரெண்டு குறிப்பு. ஒன்று: நாலு மூலைத் துப்பாக்கிக் குறி எங்கே? அதுதான் எங்கள் சின்னமே. ரெண்டு: எங்கள் படம் உங்கள் டிசைனர் கையில் எப்படிப் போனது? திங்கட்கிழமை எங்கள் சார்பில் விசாரிக்க ஆடிட்டர் வருகிறார், எழுத்தில் பதில் வேண்டும்.

களவு போனதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் களவாணி. எனக்கு இதை எழுதும்போதே காது மடல் சுடுகிறது. இலக்கியத்தில் கோபத்தை மறைத்து எழுத வேண்டும் என்பார்கள். மறைக்கிறவர்கள் மறைத்துக்கொள்ளட்டும்.

5

சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு யூனிட்டுக்குப் போனேன். முதலாளி சாமியப்பன் என் பழைய வாடிக்கையாளர். எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க அம்மிணி. வெயில்ல வந்திருக்கீங்க. மோரு குடிக்கிறீங்களா, டீ சொல்லட்டுங்களா?"

இதுதான் பிரச்சினை. எங்கள் ஊரில் ஒருத்தியைத் திருடி என்று சொல்வதற்கு முன்னால் மோர் கொடுப்பார்கள். கத்துகிறவனைக் கதையில் வைப்பது சுலபம். 'ங்க' போட்டுப் பேசுகிறவரை என்ன செய்வது?

"அண்ணா, இந்தப் புள்ள திருடலீங்க. அவ போட்ட படம்ங்க அது."

"நான் திருடுச்சுன்னு சொல்லலீங்களே. அது தங்கமான புள்ளைங்க. ஒரு பார்மாலிட்டிக்கு எழுதிக் குடுத்தாப் போதும்னு சொன்னனுங்க. பையரு படத்த ஆசைப்பட்டு ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு. வேலையெல்லாம் அப்படியேதானுங்க இருக்கும்."

விஜயராணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எடுத்தேன்னு எழுதுனா எடுத்தவதான சார். நாளைக்கி அருள்புரத்துல ஒரு வேலை கேட்டுப் போனா, களவாங்குனவளான்னு கேப்பாங்கள்லா?"

"ஆரு கேக்கறாங்க கண்ணு? நானிருக்கறேனல்ல."

மேஜையில் திரும்பி வந்த மாதிரித் துணி கிடந்தது. பக்கத்தில் பையர் அனுப்பிய படத்தின் பிரின்ட். நான் அந்தப் பிரின்டை எடுத்து மூலையில் விரல் வைத்தேன்.

"இது என்னங்கண்ணா?"

"துப்பாக்கிக் குறின்னு பையரு சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் மோர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"இந்த வால் எதுக்குங்க?"

அவர் பிரின்டைக் கையில் வாங்கினார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. முதலாளி ஆவதற்கு முன்னால் அவரும் டேபிளில் நின்று அச்சடித்தவர்தான். இந்த யூனிட் தொடங்கிய புதிதில் ஒரு லாட் முழுக்கத் தலைகீழாக அடித்துவிட்டதையும், அதற்குப் பிறகு தானே ரோட்ரிங் வரைபேனாவால் பிலிமில் வால் இழுத்ததையும் சொன்னார். "ஆர்ட்டிஸ்டு சிரிச்சானுங்க. குரங்குக்கு வெச்ச மாதிரி இருக்குதுன்னான். அதுக்கப்பறம் ஒரு பீஸு தலகீழாப் போகலீங்களே!"

"அப்ப இந்த வால் உங்களுதுங்களா?"

"எம்படதுதானுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. பிரின்டை மெதுவாக மேஜையில் வைத்தார். மின்விசிறியில் அது பறக்கப் பார்த்தது, மேலே செல்போனை வைத்தார்.

"எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி. பாத்த அன்னிக்கே தெரியுமுங்க. ஆனா உண்மையச் சொன்னா ஆர்டர் போயிரும். பையருகிட்டப் போயி உன்ற சின்னம் எங்க ஊட்டுதுன்னு சொல்ல முடியுங்களா? டேபிள்ல நிக்கறவங்க அத்தன பேரும் என்ன பண்ணுவாங்க? பேருதானுங்க. ஒரு பேருதான போகுது?"

பேருதானுங்க.

வாசகரே, நான் லேபிள் கடைக்காரி. பேருதானே என்று எவனாவது என்னிடம் ஒரு லேபிளை ஒரு எழுத்து மாற்றி வாங்கிப் போயிருக்கிறானா? ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்புவார்களே! இதே சாமியப்பன் அனுப்பியிருக்கிறார். ஹாலந்துக்காரன் பெயர் என்றால் புள்ளி பிசகக் கூடாது, சாத்தான்குளத்துக்காரி பெயர் என்றால் பேருதானுங்க.

இதை அங்கே சொன்னேனா என்று கேட்கிறீர்கள். சொன்னேன். கதைக்காகச் சேர்த்தது இல்லை. அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "மோரு ஆறிருச்சுங்க" என்றார். மோர் எப்படி ஆறும்? வில்லனாக ஆக்க முடியாமல் போனதற்கு இவர்மேல் எனக்கு இன்னும் கோபம்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) விஜயராணி டஸ்ட்டிக்கு மெயில் போடுகிறாள். அவன் பதறிப்போய் நேரலையில் மன்னிப்புக் கேட்கிறான். ஊர் உலகம் கைதட்டுகிறது.

மெயில் போட்டது உண்மை. ஞாயிற்றுக்கிழமை என் கடை கம்ப்யூட்டரிலிருந்துதான் போட்டோம். பதிலும் வந்தது. அவன் எழுதவில்லை, அவன் ஆள் எழுதியிருந்தான்: உங்கள் அன்புக்கு நன்றி, ரசிகர்கள் வரையும் படங்களை அனுப்ப வேண்டிய முகவரி இது. ரசிகையாம். இவள் வரைந்த மணலில் அவன் நிற்கிறான், இவள் ரசிகையாம்!

(ஆ) அவள் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு நிமிர்ந்து நடந்து போகிறாள், பின்னால் சூரியன்

சூரியனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். நடந்து போனால் வாடகை வீட்டுக்குத்தான் போக வேண்டும். வேலையை விட்டால் "அதுதான் ஓடிவிட்டாள் பார்" என்பார்கள்.

(இ) இது எனக்குப் பிடித்த முடிவு. இந்த ஆர்டருக்கு லேபிள் என் கடையில்தான் நெய்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக டஸ்ட்டி என்ற பெயரை எடுத்துவிட்டு 'விஜயராணி' என்று நெய்துவிடுகிறேன். அத்தனை பனியனிலும் கழுத்துக்குப் பின்னால் அவள் பெயர். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அக்கா, லேபிள் மாறிப்போச்சுன்னா மொத்த சரக்கும் ரிஜெக்ட் ஆவும். ரிஜெக்ட் ஆனா மலிவு வெலைக்கி விக்க உங்க காதர்பேட்டைக்குத்தான் வரும். வந்தா மொத வேலையா என்ன பண்ணுவாங்க?"

எனக்குத் தெரியும். கத்தரியை எடுத்து லேபிளை வெட்டுவார்கள். கம்பெனிப் பெயரோடு சரக்கை வெளியே விற்கக் கூடாது. வெட்டிய லேபிள் எங்கள் தெருவில் பூ மாதிரி கிடக்கும், தினமும் கூட்டித் தள்ளுகிறேன்.

"கதையில ஏன் இப்படி நடக்கக் கூடாது?" என்று கேட்டேன்.

"கதையில நடந்து எனக்கு என்னக்கா? திங்கக்கிழம நான்லா போவணும்."

கதாபாத்திரம் ஒன்று எழுதுகிறவளை இப்படி முகத்துக்கு நேராகக் கேட்டால் என்ன பதில் சொல்வது? கடிதம் எழுத எடுத்து வைத்த வெள்ளைத்தாளில் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினேன். நான் எழுத மாட்டேன், நீயே எழுது என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

அவள் தாளை மடிக்காமல் ஒரு பைலில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

7

திங்கட்கிழமை நானும் போனேன். கதைக்குத் தேவை என்று போகவில்லை. அவள் தனியாகப் போகக் கூடாது என்று போனேன்.

அறையில் சாமியப்பன், பிரபாகர், சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர். ஆடிட்டர் மரியாதையான மனிதர்தான், கடிகாரத்தை மட்டும் அடிக்கடி பார்த்தார். பிரபாகர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"எழுதியாச்சுங்களா ராணி?" என்று பிரபாகர் குனிந்தபடியே கேட்டார்.

விஜயராணி பைலைத் திறந்து தாளை எடுத்து மேஜையின் மேல் சாமியப்பனுக்கு முன்னால் வைத்தாள். "இதான் சார் என் பதில்."

நான் எட்டிப் பார்த்தேன். ஐயா என்ற வார்த்தை இல்லை, மன்னிப்பு இல்லை, கையெழுத்து இல்லை. நாலு மூலையிலும் கறுப்பு மசியில் நாலு வட்டம். ஒவ்வொன்றிலும் சிலுவைக் கோடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். நடுவில் வெறும் தாள்.

தாள் அவருக்குத் தலைகீழாக இருந்தது. நாலு வாலும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. அவள் தெரிந்து வைத்தாளா தெரியாமல் வைத்தாளா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

சாமியப்பனின் கை தாளின் ரெண்டு ஓரத்தையும் பிடித்தது. டேபிளில் துணியைப் போடுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, வால் கீழே வரும்படி வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டது.

"என்ன சார் இது? ஒண்ணும் எழுதலையே, என்ன அர்த்தம்?" என்று ஆடிட்டர் கேட்டார்.

விஜயராணி சாமியப்பனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிரபாகரும் அப்போதுதான் நிமிர்ந்தார். சாமியப்பன் தாளிலிருந்து கையை எடுக்காமல் தொண்டையைச் செருமினார். அவர் சொன்னது,

இங்கே நிறுத்திவிடுகிறேன்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், நான் அங்கேதான் நின்றேன். ஆனால் எழுத மாட்டேன். நல்லதாக எழுதினால், நல்ல முதலாளிக் கதை என்று நிம்மதியாக மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். கெட்டதாக எழுதினால், ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டுத் தூங்கப் போவீர்கள். உங்களை அப்படிச் சும்மா விட எனக்கு மனசில்லை. நீங்களும் எங்காவது ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் முன்னாலும் யாராவது ஒரு தாளை வைத்திருப்பார்கள். நடுவில் இடம் விட்டிருக்கிறது, சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் போனதா, நின்றதா, அவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள், எல்லாம் உங்கள் இஷ்டம், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அவர் அந்தத் தாளைத் திருப்பி நேராக வைத்தார்.